உம்மாவின் கழுத்தில் ஒரு ஸ்கேன்



வயதான உம்மா ஒருவர் அஸர் தொழுகைக்காக வுழூ செய்யப் போகிறார். கையிலிருந்த செம்பு நழுவிக் கீழே விழுகிறது. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. மருமகள் ஓடி வந்து, "என்ன மாமி?" என்று கேட்கிறாள். பதில் குழறுகிறது. வாய் ஒரு பக்கமாகச் சற்றுக் கோணியிருக்கிறது. நாற்காலியில் உட்கார வைத்து முகத்தைத் துடைத்துவிடுகிறாள். பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. "ஒண்டுமில்ல மகள், களைப்பு. மகனுக்குச் சொல்ல வாணாம். வீணாப் பயந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவான்" என்கிறார் உம்மா. மருமகளும் மௌனமாகிவிடுகிறாள்.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அந்த மௌனம்தான் இதில் மிக ஆபத்தானது.

அந்த உம்மாவுக்கு வந்தது களைப்பல்ல. மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டு, பின்னர் தானாகவே திறந்திருக்கிறது. இதனைத் தற்காலிகப் பாரிசவாதம் என்பார்கள். டொக்டர்மார் சுருக்கமாக 'ரீ.ஐ.ஏ.' என்று சொல்வதும் இதைத்தான். பின்னால் வரக்கூடிய பெரிய பாரிசவாதத்துக்கு இது முன்னறிவிப்பு. அந்த ஆபத்து அடுத்து வரும் ஒரு சில நாட்களிலேயே மிக அதிகம். ஆகவே சுகமாகிவிட்டது என்று இருந்துவிடலாகாது.

ஆஸ்பத்திரியில் செய்யப்படும் பரிசோதனைகளுள் ஒன்று கழுத்து நாடிகளை ஸ்கேன் செய்வது. ஏன் கழுத்தை?

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் இரண்டு பெரிய நாடிகள் கழுத்தின் இரு பக்கமும் மேலேறுகின்றன. தாடைக்குச் சற்றுக் கீழே ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைவிடுகிறது. ஒரு கிளை மூளைக்கும் மற்றது முகத்துக்கும் போகிறது. ஆறு பிரியும் இடத்தில் மணல் ஒதுங்குவது போல, இந்த இடத்தில்தான் நாடியின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. பிரஷர், சீனி வியாதி, கொலஸ்ட்ரோல், புகையிலை ஆகியவை இந்தப் படிவை வளர்க்கின்றன. படிவு வெடித்து, அதன் மேல் உறைந்த இரத்தத் துணுக்கு ஒன்று மூளைக்குப் போய் அடைத்தால், அதுவே பாரிசவாதம். மூளையின் இடது பாதி உடலின் வலது பாதியை ஆள்கிறது. ஆகவே வலது கை சோர்ந்தால் டொக்டர் இடது கழுத்து நாடியைக் குறிப்பாகக் கவனிப்பார்.

ஸ்கேனைப் பற்றிப் பயப்பட எதுவுமில்லை. ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, வலியுமில்லை. மல்லாந்து படுத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பவேண்டும். கழுத்தில் ஜெல் பூசி, சிறு கருவியொன்றால் தடவிப் பார்ப்பார்கள். காதுக்குக் கேட்காத ஒலி அலைகள் உள்ளே சென்று திரும்பிவந்து திரையில் படமாகின்றன. அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. நோன்பு நோற்றிருந்தாலும் அதற்குப் பாதகமில்லை. திறக்க வேண்டியது கழுத்தை மாத்திரமே. பெண் உத்தியோகத்தர் ஒருவரை நீங்கள் தயங்காமல் கேட்கலாம். அப்படி ஒருவர் இல்லையென்றால், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த ஸ்கேனில் மூன்று விடயங்களைப் பார்க்கிறார்கள். முதலாவது, நாடிச் சுவரின் தடிப்பு. இது மில்லிமீற்றரில் அளக்கப்படும். ஓரிடத்தில் சுவர் 1.5 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் அதைப் படிவு என்று கணிப்பார்கள். இரண்டாவது, படிவின் அளவும் தன்மையும். திரையில் கருமையாகத் தெரியும் மென்மையான படிவு, பளிச்சென்று தெரியும் சுண்ணாம்பேறிய படிவைவிடப் பொதுவாக ஆபத்தானது. மூன்றாவது, இரத்தம் ஓடும் வேகம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயைப் பெருவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறிப் பாய்கிறதல்லவா? நாடி ஒடுங்கினாலும் அப்படித்தான். வேகம் செக்கனுக்கு 125 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பாதியளவு ஒடுக்கம் இருக்கலாம் என்றும், 230ஐத் தாண்டினால் நூற்றுக்கு 70 அல்லது அதற்கும் மேல் என்றும் கணிக்கிறார்கள்.

இந்த 70 என்ற எண் முக்கியமானது. வட அமெரிக்காவில் நடந்து 1991இல் வெளியான பெரிய ஆய்வொன்று, முன்னறிவிப்பு அல்லது சிறு பாரிசவாதம் வந்து, நாடியும் நூற்றுக்கு 70க்கு மேல் ஒடுங்கியிருந்தவர்களை ஆராய்ந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டு வருடங்களுக்குள் நூற்றுக்கு 26 பேருக்கு அந்தப் பக்கத்திலே பாரிசவாதம் வந்தது. சத்திரசிகிச்சை செய்து படிவை அகற்றியவர்களில் அது நூற்றுக்கு 9 பேர்தான். அந்தச் சிகிச்சையும் இரண்டு வாரங்களுக்குள் செய்யப்பட்டால்தான் பயன் அதிகம். செம்பு நழுவிய அந்தப் பத்து நிமிடத்தை மறைத்தால் என்ன இழப்பு நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

"அப்படியானால் நாமெல்லோரும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்வோமே" என்று சிலர் கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். எந்த அறிகுறியும் இல்லாதவர்களின் கழுத்து நாடியில் ஒடுக்கம் தேடி ஸ்கேன் செய்யவேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2021இலும் மீண்டும் அறிவுறுத்தியது. இல்லாத ஆபத்தை இருப்பதாகக் காட்டி, தேவையற்ற சத்திரசிகிச்சைக்கு அது வழிவகுக்கலாம். அந்தச் சத்திரசிகிச்சையே சிலருக்குப் பாரிசவாதத்தை உண்டாக்குவதுண்டு. அதுபோல, ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் பாரிசவாதம் வராது என்று உறுதி கூற முடியாது. இதயத் துடிப்பின் கோளாறாலும் அது வரும்.

சுவீடனில் 3,532 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. எல்லோருடைய கழுத்தையும் ஸ்கேன் செய்து, பாதிப் பேருக்கு மட்டும் அவர்களுடைய நாடியின் படத்தைக் காட்டி விளக்கினார்கள். ஒரு வருடத்தின் பின் பார்த்தபோது, படத்தைக் கண்டவர்களின் இருதய நோய் ஆபத்தளவு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. படம் எவரையும் குணப்படுத்தவில்லை. தன் உடம்பைக் கவனிக்க வைத்தது, அவ்வளவுதான். அந்தக் கவனம் வருவதற்கு நமக்குப் படம் எதற்கு? பிரஷர் குளிசையைச் "சுகமாத்தானே இருக்கு" என்று பாதியில் நிறுத்தாமல் இருப்போம். உப்பையும் எண்ணெயையும் குறைப்போம். வெற்றிலையோடு போகும் புகையிலையையும் வீட்டு ஆண்களின் சிகரட்டையும் விட்டொழிக்கச் செய்வோம். 35 வயதைத் தாண்டிய சகோதரிகள் எம்.ஓ.எச். பிரிவில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷரையும் சீனியையும் செலவின்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று அடையாளங்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல். இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வந்து போய்விட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி, பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள்தான் பயன் தரும். தண்ணீரோ தேனோ குளிசையோ வாயில் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். தண்ணீர் ஓதிக் கொடுக்க நினைப்பவர்கள் அதனைப் பிறகு செய்யலாம். அம்புலன்ஸ் வரும்வரை வாயால் துஆச் செய்யலாம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குப் பணித்திருக்கிறார்கள். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். ஆகவே மருமகளே, மாமி தடுத்தாலும் மகனுக்குச் சொல்லிவிடு. மூத்த உம்மாமாரே, பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று நீங்கள் மறைக்கும் பத்து நிமிடம், நாளை உங்களைப் பல வருடங்கள் படுக்கையில் கிடத்தலாம். அது அந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சிரமமல்லவா?

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.