தண்ணீருக்கு அளவுண்டு, தொழிலாளியின் மூச்சுக்கு இல்லையா?

சைக்கிள் கைப்பிடி பளபளக்கிறது. தண்ணீர்க் குழாய் மின்னுகிறது. அந்த மினுக்கை ஏற்றியவன் யார் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. முலாம் பூசும் பட்டறையில், தொட்டியருகே நாள் முழுதும் நிற்கும் பாட்டாளி அவன்.

குரோமியத் தொட்டியில் மின்சாரம் பாயும்போது குமிழிகள் எழும்பி வெடிக்கின்றன. தெறிக்கும் நுண்ணிய திவலை காற்றில் கலந்து மூக்கில் ஏறுகிறது. மூக்கின் நடுச்சுவரை அரித்துத் துளையிடுகிறது. நுரையீரலில் புற்றுநோயை விதைக்கிறது. இந்த வகைக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1990ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது.

இத்தொழிலை அளந்து திருத்துவோம் என்று அமெரிக்காவில் ஒரு திட்டம் எழுந்தது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவும் முலாம் தொழில் முதலாளிமாரின் சங்கங்களும் 1998ஆம் ஆண்டில் கூடிச் செய்த ஏற்பாடு அது. 1992ஆம் ஆண்டின் நிலையைக் கணக்காக வைத்து, 2002க்குள் எட்ட வேண்டிய இலக்குகளை வகுத்தனர். உலோகத்தில் நூற்றுக்கு 98 பங்கு பொருளின் மீதே சேரவேண்டும். தண்ணீர்ச் செலவு 50 சதம் குறையவேண்டும். மின்சாரம் முதலான சக்திச் செலவு 25 சதம், மண்ணில் கொட்டும் நச்சுக் கசடு 50 சதம் குறையவேண்டும்.

நல்ல இலக்குகளே, நாம் குறை கூறவில்லை. தொட்டியிலிருந்து தூக்கிய பொருளைச் சற்றுத் தொங்கவிட்டு வடித்தால், அதில் ஒட்டிய கரைசல் தொட்டிக்கே திரும்பும். ஒரே தொட்டியில் அலசாமல் இரண்டு மூன்று தொட்டிகளில் அடுத்தடுத்து அலசினால் தண்ணீர் மிச்சம். சாக்கடையில் ஓடும் நிக்கல் முதலாளியின் காசு. ஆகவே அதை அளக்க அவருக்குக் கசக்கவில்லை!

அதே பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது. ஆலைக்குள் இருப்போரும் சுற்றுப்புற மக்களும் நஞ்சுக்கு ஆளாவதைக் குறைக்கவேண்டும் என்றது அது. எத்தனை சதம்? எண் இல்லை! ஆலையே தேர்ந்தெடுத்துச் செய்யும் நடவடிக்கையைக் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டனர். தண்ணீருக்கு எண், உலோகத்துக்கு எண், கசடுக்கும் எண். உழைப்பவன் மூச்சுக்கு மட்டும் நல்லெண்ணம்!

அந்த எண் பிறகு வந்தது. யார் கொணர்ந்தது? எண்ணெய், இரசாயன, அணுசக்தித் தொழிலாளர் சங்கமும் ஒரு பொதுநல அமைப்பும் 1993ஆம் ஆண்டில் மனுக் கொடுத்தன. சர்க்கார் அசையவில்லை. வழக்காடினர், நீதிமன்றம் கெடு விதித்தது. கன மீட்டர் காற்றில் 52 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பு, 2006ஆம் ஆண்டில் 5 ஆனது. பதின்மூன்று ஆண்டுப் போராட்டம்! அதுவும் முழு வெற்றியன்று. அந்த 5லேயே 45 ஆண்டுகள் உழைத்தால், ஆயிரம் பேரில் 10 முதல் 45 பேர் வரை நுரையீரல் புற்றுநோய்க்கு இரையாகக்கூடும் என்பது அந்தச் சர்க்காரே போட்ட கணக்கு.

அயல்நாட்டுக் கதைதானே என்று இருந்துவிடலாமா? நம் நாட்டுப் பட்டறையிலும் அதே குமிழிதான் வெடிக்கிறது. மின்விசை கொண்டு 10 பேர் உழைத்தால் தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். 20 பேர் வேண்டும் என்றாக்கியது 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு. ஐந்தாறு பேர் உழைக்கும் சின்னப் பட்டறையின் கதி என்ன? அபாயத் தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கும் இடங்களுக்கு ஆள் கணக்கு தடையாகாது என்று அதே தொகுப்பில் ஒரு வழியுண்டு. அந்த வழியைத் திறக்கச் செய்வது சங்கத்தின் வேலை.

ஆகவே தோழர்களே, நாம் கேட்பது இதுதான்: தொட்டி விளிம்பில் ஆவியை இழுக்கும் காற்றுக்குழாய் வேண்டும்; காற்றை அளக்கவேண்டும்; அளந்த எண்ணைப் பட்டறைச் சுவரில் தமிழில் எழுதி வைக்கவேண்டும். சாக்கடை நீரை அளப்பவர்கள் நம் மூச்சையும் அளக்கட்டும். தாமாக அளக்கமாட்டார்கள், அளக்க வைப்போம்!