மறுகா என்பவர் யார்?

பொலிஸ்காரர் ஒருவரைக் கண்டதும், யாதொரு குற்றமும் செய்யாதிருந்தும், நடையைச் சற்றுத் திருத்திக்கொள்வது நமது நெடுநாளைய வழக்கம். கை தானாகவே சட்டைப்பைக்குச் சென்று அடையாள அட்டையைத் தொட்டுப் பார்க்கும். புளியந்தீவுக்கும் கல்லடிக்கும் இடையே நாள்தோறும் துவிச்சக்கரவண்டியிலே போய்வரும் நம்மைப் போன்றோர்க்கு இத்தகைய தரிசனங்கள் குறைவின்றி வாய்க்கின்றன.

நம் தந்தையார் காலத்துப் பொலிஸ்காரருக்கு இரவிலே ஒரே வேலைதான் என்று அவர் சொல்வார்: விளக்கில்லாத சைக்கிளைப் பிடித்தல். டைனமோ வாங்க வசதியற்றவர்கள் தகரப் பேணிக்குள்ளே மெழுகுதிரி ஏற்றித் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்களாம். வாவிக் காற்றுக்கு அந்தச் சுடர் பாலத்தின் நடுவிலேயே உயிரை விட்டுவிடும். அக்கரையில் நிற்பவரிடம், "இப்பதான் ஐயா அணைஞ்சது, தொட்டுப் பாருங்க, இன்னும் சுடுகுது" என்று பேணியை நீட்டுவதுதான் எதிர்வாதம். நல்ல மனிதராயின் தொட்டுப் பார்த்து விட்டுவிடுவார். மற்றவர் சில்லுக் காற்றைத் திறந்துவிட்டு, "இனி நடந்து போ" என்பார். வழக்கு, மன்று என்று அலையாமல் காற்றோடு போயிற்றே என்று மகிழ்ந்து வீடு வருவாராம் நம் தந்தையார்.

நகருக்கு வெளியே, எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அந்நாளில் காக்கிச் சட்டையைக் காண்பதே அரிது. அங்கெல்லாம் பொலிஸ் விதானையார்தாம் சட்டத்தின் உருவம். மாடு வயலில் இறங்கினாலும், வேலி ஒரு முழம் நகர்ந்தாலும் அவரிடந்தான் ஓடுவார்கள். அவர் நீதிமான் என்று நாம் சொல்ல வரவில்லை. அயலிலே அவருக்கும் ஒரு கட்சி இருக்கும். ஆயினும் முறையிடுபவன் என்ன சொல்கிறான் என்பது அவருக்கு விளங்கும். 1963 இல் கிராம சேவகர் முறை வந்ததும் விதானைமார் மறைந்தார்கள். சட்டம் சிறிது சிறிதாகக் காக்கிச் சட்டையின் கைக்கு முழுவதும் போயிற்று.

இடையில் போர்க்காலம் வந்தது. 1983 முதல் 2009 வரை சீருடையைக் கண்டு இப்பகுதியில் எவரும் சிரித்ததில்லை. அதைப்பற்றி எழுதும் இடம் இதுவன்று. ஆனால் நாம் இன்று பொலிஸ்காரரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்ல முடிகிறது என்றால், அது சும்மா வந்த வரம் அன்று என்பதை இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது.

போர் ஓய்ந்த சில ஆண்டுகளின் பின் ஒரு பூரணை இரவு. அயல்வீட்டுப் பெரியவர் ஒருவரும் நாமும் கல்லடியின் பழைய பாலத்தருகே தோணியில் இருந்து பாடும் மீனைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாலத்துக்கு மானிங் சீமாட்டியின் பெயர். ஆளுநர் மானிங் துரையின் மனைவியார் அவர். மீன்தான் பாடுகிறதா, சிப்பியா, வேறெதுவுமா என்று இன்றுவரை எவரும் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயினும் 1950களில் லாங் அடிகளார் என்னும் அமெரிக்க இயேசுசபைத் துறவி அந்த ஒலியைப் பதிவு செய்திருக்கிறார். துடுப்பின் அலகை நீரில் ஆழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது நம் முன்னோர் வழி. அந்தக் கோலத்தில் இருந்த நம் முகத்திலே கரையிலிருந்து பளீரென மின்சூள் ஒளி விழுந்தது.

"ஏய், நீ என்ன செய்றது?"

புதிதாக மாற்றலாகி வந்த சிங்களப் பொலிஸ்காரர், இளைஞர். "மீன் பாட்டுக் கேட்கிறோம்" என்றோம். அவர் சற்றுச் சிந்தித்து, "நீ குடிச்சதா?" என்றார்.

பெரியவருக்கு எழுபது வயது. மனைவியைத் தவிர வேறெவரையும் 'நீ' என்று அழையாதவர். குடித்தாயா என்று கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். "தம்பி, 'நீ' எண்டு சொல்லப்படாது மனே. 'நீங்க' எண்டு சொல்லணும். இறங்கி வாங்க, நீங்களும் கேளுங்க" என்றார். இளைஞர் தயங்கித் தயங்கி வந்தார், தொப்பியைக் கழற்றினார், துடுப்பைக் காதில் வைத்தார். வெகுநேரம் எழவில்லை. போகும்போது, "நீங்க நாளைக்கும் வாறதா?" என்று கேட்டார். ஓர் இரவில் இவ்வளவு இலக்கணம் கற்ற மாணவனை நாம் கண்டதில்லை.

அது நகைக்கத்தக்க கதை. அடுத்தது முழுவதும் அப்படியன்று.

அதே பெரியவர் ஒருநாள் காலை சைக்கிளில் போகையில் பின்னால் வந்த முச்சக்கரவண்டி மோதிற்று. முழங்காலில் காயம்; பின்சில்லு எட்டாக வளைந்துவிட்டது. முச்சக்கரவண்டிக்காரரோ பிழை பெரியவருடையதே என்று நின்றார். வாக்குமூலம் கொடுக்கப் பெரியவரோடு நாமும் போனோம். எந்த நிலையம் என்பது வாசகர்க்கு வேண்டாம். மேசையில் இருந்த இளம் உத்தியோகத்தர் தமிழ் வகுப்பில் தேறியவர், மரியாதையாகவே பேசினார். பெரியவர் தமிழிலே சொன்னார். அவர் சிங்களத்திலே எழுதினார்.

பெரியவர் சொன்னது இது: "கையக் காட்டிப் போட்டுச் சோத்தாங்கைப் பக்கம் கிறுகினன். மறுகா வந்து இடிச்சுப் போட்டான்."

மட்டக்களப்பிலே பிறந்தவர்க்கு இதிலே விளங்காதது எதுவுமில்லை. வலப்பக்கம் திரும்பினேன், பிறகு வந்து இடித்துவிட்டான், அவ்வளவே. உத்தியோகத்தர் பேனாவை நிறுத்தினார்.

"மறுகா யாரு ஐயா?"

"மறுகா எண்டா... மறுகாதான்."

"அவன் வீடு எங்க?"

"மறுகாவுக்கு என்னண்டு தம்பி வீடு இருக்கும்?" என்று பெரியவர் திகைத்தார். வீடில்லாத ஆள் என்று உத்தியோகத்தர் குறித்துக்கொண்டார். நாம் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். அடக்கியது தவறு என்பது, எழுதியதை அவர் தமிழிலே வாசித்துக் காட்டும்போதுதான் புரிந்தது. சோத்தாங்கை என்பது சந்தியிலிருந்த சோற்றுக்கடை ஆகியிருந்தது. திரைப்படங்களில் தமிழ் பழகிய அவர், கிறுகினன் என்பதைக் கிறுக்கு என்று கொண்டிருந்தார். ஆக, பெரியவர் சோற்றுக்கடை அருகே பித்துப் பிடித்து நின்றார். மறுகா என்னும் வீடற்றவர் வந்து அவரை மோதினார். முச்சக்கரவண்டி அந்தக் கதையிலேயே இல்லை.

கீழே வழக்கமான வாசகம்: வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது; சரியென ஏற்றுக் கையொப்பமிட்டேன். பெரியவர் பேனாவை எடுத்துவிட்டார். இத்தனை ஆண்டுகளில் எத்தனை தாள்களில் இப்படி எடுத்தாரோ! நாம் கையைப் பிடித்து நிறுத்தினோம்.

எண்ணிப் பாருங்கள். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அடுத்த ஆண்டில் பதினாறாம் திருத்தம் அதற்குச் சற்று விளக்கமான உருவம் கொடுத்தது. அரச அலுவலரோடு தமிழிலே தொடர்புகொள்ளும் உரிமை நமக்கு ஏட்டிலே உண்டு. ஆயினும் மேசையின் இப்பக்கம் தமிழும் அப்பக்கம் சிங்களமுமாக இருக்கையில், நடுவிலே விழுவது ஓர் ஏழையின் வழக்கு. அந்தத் தாள் மன்றுக்குப் போனால், பித்துப் பிடித்தவர் இழப்பீடு கேட்பது எப்படி? தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் என்றால் மட்டும் போதாது என்பதையும் அன்று கண்டோம். யாழ்ப்பாணத்தவரோ மலையகத்தவரோ அங்கிருந்தாலும் 'கிறுகி' என்றதும் ஒருகணம் விழித்திருப்பார். நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கத் தயங்குகிறார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்து 'மறுகா' என்பதை 'பிறகு' என்று எழுத ஆள் வேண்டியிருக்கிறதே.

உத்தியோகத்தர் கோபிக்கவில்லை. காது சிவந்தது, தாளைப் புரட்டினார், நாம் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதினார். முடிவில் தம் சொந்தக் குறிப்பேட்டை எடுத்து, கிறுகுதல், மறுகா, சோத்தாங்கை என்று சிங்கள எழுத்திலே குறித்துக்கொண்டார். "பீச்சாங்கையும் எழுதிக்கொள்ளுங்க தம்பி, இடப்பக்கம்" என்றார் பெரியவர், காயத்தை மறந்து.

சென்ற வாரம் நகரில் ஒரு சந்தியிலே, நண்பரின் மோட்டார்ச் சைக்கிளை இரவல் வாங்கிச் சென்ற நாம், நேரம் போகிறதே என்று ஒருவழிப் பாதைக்குள் மெல்லத் திருப்பினோம். விசில் ஒலித்தது. அதே உத்தியோகத்தர். நம்மை அடையாளங்கண்டு மலர்ந்து சிரித்தார். நாமும் உரிமையோடு சிரித்தோம்.

"ஐயா, நீங்க இதால சோத்தாங்கைப் பக்கம் கிறுகப்படாது" என்றார், ஓர் எழுத்தும் பிசகாமல்.

"அடடா, தம்பி நல்லாப் பழகிட்டீங்களே!" என்றோம்.

"ஓம் ஐயா. மறுகா லைசென்ஸைத் தாங்க" என்றார்.

தபாற்கந்தோரிலே தண்டப்பணம் கட்ட நின்றவர்களின் வரிசை, அன்று வாசற்படி வரை இருந்தது.