நீலச் சுடர்

சென்ற வாரம் நமது வீட்டு ரசப் பாத்திரத்தின் அடியில் கரி அப்பியிருந்தது. "விறகடுப்பு போயும் கரி போகவில்லையே!" என்று நமது கிருகலக்ஷ்மி அங்கலாய்த்தாள்.

காஸ் அடுப்பைப் பார்த்தோம். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக ஆடிற்று. பொங்கிய பாலும் வழிந்த ரசமும் பர்னரின் துவாரங்களை அடைத்திருந்தன. காற்று சரியாகக் கலவாவிடில் வாயு அரைகுறையாக எரியும்; கரியோடு, மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயுவும் உண்டாகும். ஆகவே இது வெறும் பளபளப்பு விஷயமன்று.

பரிகாரம் சமையலறையிலேயே இருக்கிறது. முதலில் ரெகுலேட்டரை மூடி, அடுப்பை ஆறவிட வேண்டும். பித்தளை பர்னரைக் கழற்றி, உப்பிட்ட புளிக்கரைசலில் அரை மணி ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்க்கலாம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். துவாரங்களை ஊசியால் குத்திக் கவிழ்த்துத் தட்டுக. வாயு வரும் நுண்துளையில் மட்டும் ஊசி படலாகாது, துளை பெரிதாகிவிடும். எஃகுத் தட்டின் எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆப்பச் சோடாவைக் குழைத்துப் பூசலாம். அலுமினியப் பாகங்களுக்கு அது ஆகாது, கறுத்துப்போகும்.

பர்னர் நன்கு உலர்ந்தபின் பொருத்தி, ரெகுலேட்டரைத் திறந்து, தீ மூட்டுமுன் ரப்பர்க் குழாயில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பது உத்தமம். குமிழி கிளம்பினால் கசிவென்று அறிக. உடனே மூடிவிட்டு விநியோகஸ்தரை அழைக்க வேண்டும்.

இவ்வளவையும் நாமே செய்தோம். மறுநாள் சுடர் நீலமாயிற்று. "நன்றாகத்தான் துலக்கியிருக்கிறீர்கள். இனி வாராவாரம் இது உங்கள் வேலை" என்று தீர்ப்பாயிற்று. காப்பி சூடாக இருந்தபடியால் நாம் அப்பீல் செய்யவில்லை.