சங்கிலியை அங்குலக் கணக்கில் வாங்கலாமா?

காடு மண்டிய காணிக்குத் திரும்பும் குடும்பத்திற்கு விதைநெல்லுக்கு முன்னரே தேவைப்படுவது வெட்டித் துப்புரவாக்கும் உபகரணமாகும். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்து, பல வருடங்களின் பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குள் சென்றவர்களும், 2009இன் பின்னர் வன்னியில் மீளக் குடியமர்ந்தவர்களும் இதனை நன்கு அறிவார்கள். கத்தியும் கோடரியும் போதாத இடத்தில் செயின் சோ வந்து சேர்ந்தது. சிலருக்கு நிறுவனங்கள் கொடுத்தன. சிலர் நகையை அடைவு வைத்து வாங்கினார்கள். சில இடங்களில் ஐந்தாறு குடும்பங்கள் கூடி ஒன்றை வைத்திருக்கின்றன. இன்னமும் முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருப்போரிற் பலருக்குக் கூலிக்கு மரம் வெட்டுவதே சீவியம்.

வாள் வந்த கதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதன் சங்கிலி தேய்ந்து முடிந்த பின்னர் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன். கடைக்குப் போனால், “எத்தனை அங்குலம்? பதினெட்டா, இருபதா?” என்று கேட்பார்கள். நாமும் “இருபது” என்போம். ஒரு பெட்டியை எடுத்துத் தருவார்கள். சங்கங்கள் மொத்தமாகக் கொள்வனவு செய்யும்போதும் விலைமனுவில் “20 அங்குலச் சங்கிலி” என்று மாத்திரம் எழுதுகின்றன. இந்த வழக்கம் அடியோடு மாற வேண்டும் என்பதே எனது கருத்து.

அங்குலம் என்பது பாரின் நீளம், அவ்வளவுதான். சந்தையில் அதிகமாகக் காணப்படும் 52 சீசீ சீன வாள்களின் 20 அங்குலப் பாருக்கு வழமையாக 0.325 பிட்ச், 76 உட்பல் கொண்ட சங்கிலி வரும். ஸ்டில் வாளின் 20 அங்குலப் பாரில் பெரும்பாலும் 3/8 பிட்ச், 72 உட்பல். ஹஸ்க்வானாவில் 0.325 பிட்ச் என்றால் அதே 20 அங்குலத்திற்கு 80 உட்பல் வரும். அங்குலம் ஒன்றுதான், சங்கிலியோ மூன்று. ஆகவே கடையில் மூன்று இலக்கங்களைச் சொல்லியே கேட்க வேண்டும்: பிட்ச், உட்பல்லின் தடிப்பு, உட்பற்களின் எண்ணிக்கை.

பிட்சை அளப்பதற்கு மெக்கானிக் தேவையில்லை. பிள்ளையின் அடிமட்டம் போதும். பழைய சங்கிலியை மேசையில் நேராக நீட்டி, அடுத்தடுத்துள்ள மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் நடுவில் இருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டாற் பிரியுங்கள். மூன்று ரிவெட்டுக்கு 16.5 மில்லிமீற்றர் வந்தால் அது 0.325. 19 மில்லிமீற்றர் வந்தால் 3/8. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிட்ச் மாறினால் எஞ்சினுக்கு அருகில் இருக்கும் பற்சில்லிலும் பாரின் மூக்கில் இருக்கும் சில்லிலும் சங்கிலி சரியாக உட்காராது. இழுத்து மாட்டி ஓட்டிப் பார்ப்போம் என்று முயன்றால் சில்லும் போகும், சங்கிலியும் போகும். ஒரு பொறியும் இதில் இருக்கிறது. சிறிய வாள்களுக்கான தாழ்ந்த 3/8 என ஒன்று உண்டு. இரண்டு பெட்டியிலும் 3/8 என்றே இருக்கும். எனினும் அது மெலிந்த சங்கிலி. பெரிய வாளுக்கு உதவாது, அதன் பற்சில்லும் வேறு.

தடிப்பு என்பது பாரின் பள்ளத்திற்குள் இறங்கி ஓடும் பல்லின் தடிப்பு. 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர் என்பவை வழக்கில் உள்ளவை. இதனைக் கண்ணால் மட்டிட முடியாது. பாரின் அடிப்பக்கத்தில் இலக்கம் குத்தப்பட்டிருக்கும். அது அழிந்திருந்தால் பழைய சங்கிலியின் உட்பல்லைக் கலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள். பாரின் பள்ளத்தை அளப்பதில் பயனில்லை, அது ஓடி ஓடி அகன்றிருக்கும். தடிப்புக் கூடிய சங்கிலி பள்ளத்திற்குள் இறங்காது, ஆதலால் ஆபத்தும் இல்லை. மெலிந்தது இறங்கிவிடும். கடைக்காரரும் “சரியாக வந்துவிட்டது” என்பார். பின்னர் சங்கிலி பக்கவாட்டில் ஆடி, வெட்டு வளைந்து போகும். கழன்று தொடையை நோக்கி வரவும் கூடும். இரண்டு பிழைகளில் இதுவே மோசமானது.

உட்பற்களை எண்ணும்போது ஒரு பல்லில் சோக்கட்டியால் அடையாளமிட்டு எண்ணுங்கள். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவது நல்லது. கடையில் சுருளில் இருந்து வெட்டி ரிவெட் அடித்துத் தருவதாயின், புதிய இணைப்புத் தகடு போட்டு அதற்குரிய கருவியால் அடிக்கச் சொல்லுங்கள். பழைய ரிவெட்டைச் சுத்தியலால் தட்டிப் பொருத்தியதை வாங்க வேண்டாம்.

இனி, பல்லின் வடிவம். இங்குதான் நான் பலருடன் முரண்பட வேண்டியுள்ளது. கூரிய சதுர மூலையுள்ள பல் வேகமாக வெட்டும் என்று வெட்டுக்காரர் பலர் அதையே கேட்டு வாங்குகிறார்கள். வேகம் உண்மைதான், சுத்தமான பச்சை மரத்தில். எங்கள் மரங்கள் அப்படியா? செம்மண் படிந்த பனை அடி, கறையான் மண் ஏறிய வேம்பு, காய்ந்து கல்லாகிவிட்ட புளி, வெளி வைரம் இரும்பு போன்ற முதிர்ந்த பனை. இவற்றில் சதுர மூலை மிக விரைவில் மழுங்கிவிடும். மூலை சற்று உருண்ட பல், அதாவது செமி சிசல் எனப்படுவது, வேகத்திற் கொஞ்சம் குறைந்தாலும் கூர் நின்று பிடிக்கும்; அரமிடுவதும் இலகு. எமது பகுதிக்கு அதுவே பொருத்தமென்பதில் எனக்கு ஐயமில்லை. அடிமரத்தில் அப்பியிருக்கும் மண்ணைக் கோடரியாற் செதுக்கிவிட்டு வெட்டினால் அதன் ஆயுள் இன்னும் கூடும்.

இதைவிடப் பெரிய எதிரி மரத்திற்குள் இருக்கிறது. யுத்தம் நடந்த இடங்களில் தென்னை, பனை, மாமரம் எல்லாவற்றிலும் ஷெல் துண்டும் சன்னமும் புதைந்து, மேலே பட்டை மூடியிருக்கும். வேலியோர மரங்களுக்குள் முட்கம்பியும் ஆணியும் விழுங்கப்பட்டுக் கிடக்கும். பட்டையில் வடு, வீக்கம், கறுத்த கறை கண்டால் அந்த இடத்தை விட்டு மேலே அல்லது கீழே வெட்டுங்கள். இப்படிப்பட்ட மரத்திற்கு விலை கூடிய புதுச் சங்கிலியை மாட்டுவது வீண். தேய்ந்த பழைய சங்கிலி ஒன்றை அதற்கென்றே வைத்திருக்க வேண்டும். அதனால்தான் ஒரு வாளுக்கு ஒரு சங்கிலி என்ற கணக்கையும் நான் ஏற்பதில்லை. குறைந்தது மூன்று வேண்டும். (கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிப்படுத்தப்படாத காணிக்குள் எந்தச் சங்கிலியுடனும் போக வேண்டாம்.)

பனையில் வளையும் சலாகையும் அரிந்து விற்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல். குறுக்கே வெட்டும் சங்கிலியின் பல் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டது. அதைக் கொண்டு நெடுக்கே அரிந்தால் எஞ்சின் திணறும், பெற்றோல் குடிக்கும், மரம் கரடாக வரும். நெடுக்கு அரிவுக்கென 10 பாகை அளவில் தீட்டிய சங்கிலி உண்டு. கிடைக்காவிடின் உங்களிடம் உள்ள ஒன்றை ஒவ்வொரு தீட்டலிலும் சிறிது சிறிதாக அந்தச் சாய்வுக்குக் கொண்டுவரலாம். அதற்கு வேறு நிறப் பெயின்ற் அடையாளமிட்டு வையுங்கள். பனை, பலா, ஈரப்பலா போன்றவற்றைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டு முதல் சட்டக் கட்டுப்பாடு உண்டு. சொந்தக் காணி என்றாலும் பிரதேச செயலகத்தில் விசாரித்து அனுமதி பெற்ற பின்னரே கை வையுங்கள். செயின் சோ வைத்திருப்போர் அதனைப் பதிவு செய்ய வேண்டுமென 2019இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பத்திரத்தை வாளுடனேயே வைத்திருப்பது தொல்லையைக் குறைக்கும்.

உதவி வழங்கும் நிறுவனங்களிடமும் எமது சங்கங்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். வாளைக் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள், அரம் கொடுப்பதில்லை. சங்கிலி பெரும்பாலும் தேய்ந்து முடிவதில்லை, தீட்டப்படாமல் எறியப்படுகிறது. 0.325 சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் உருளை அரம், 3/8க்கு 5.2 அல்லது 5.5, தாழ்ந்த 3/8க்கு 4 மில்லிமீற்றர். வெட்டுப்பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேட்டினைப் பல்லின் உச்சியிலும் பார்க்க ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் தாழ்வாக வைக்கத் தட்டை அரமும் அளவுத் தகடும் தேவை. வேகமாக வெட்டட்டும் என்று அந்த மேட்டை மேலும் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வாறு செய்தால் பல் மரத்தை ஆழமாகக் கவ்வும். பாரின் நுனி எதிலேனும் தட்டுப்பட்டால் வாள் முகத்தை நோக்கித் துள்ளி எழும். புதிதாகப் பழகும் இளைஞருக்குத் துள்ளல் குறைந்த வகைச் சங்கிலி கிடைக்கிறது. வெட்டுப்பற்களுக்கிடையே கூடுதலான மேடுகள் வைத்துச் செய்யப்பட்டது அது. கூலிக்கு ஆள் பிடிக்கும் முதலாளிமார் அதைத்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். கை போனால் அந்த வீட்டின் வருமானமும் போய்விடும், நட்டஈடு தருவார் எவரும் இல்லை.

கூட்டாக வாள் வைத்திருக்கும் குடும்பங்கள் தீட்டும் பொறுப்பை ஒருவரிடமே விடுவது நல்லது. ஐந்து பேர் ஐந்து சாய்வில் தீட்டினால் ஒரு பக்கப் பல் நீண்டும் மறுபக்கம் குறுகியும் போய், சங்கிலி ஒரு பக்கமாக இழுக்கும். அவருக்குச் சிறு கூலி கொடுப்பதிலும் தவறில்லை.

மாற்றுச் சங்கிலி மாட்டும்போது பற்சில்லையும் பாருங்கள். அதில் சங்கிலி பதிந்த தடம் அரை மில்லிமீற்றருக்கு மேல் ஆழமாயின் சில்லை மாற்றியே ஆகவேண்டும். பழைய சில்லு புதுச் சங்கிலியையும் தின்றுவிடும். பாரை ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு விளிம்பும் ஒத்துத் தேயும். பாரின் மேற்புறத்தில் வெட்டுப்பற்கள் நுனியை நோக்கி நிற்க வேண்டும். கழிவு ஒயிலை ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதில் உள்ள உலோகத் தூள் பாரை அராவும், தோலுக்கும் கூடாது. புதுச் சங்கிலி முதல் நாளில் நீளும். அடிக்கடி நிறுத்தி இறுக்கத்தைச் சரிபார்த்து, வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி விடுங்கள். சூட்டில் இறுக்கிய சங்கிலி இரவில் ஆறிச் சுருங்கும்போது எஞ்சினின் தண்டையும் பெயாரிங்கையும் இழுக்கும்.