தட்டினாலே இன்ஜினை இறக்க வேண்டுமா?

லோடு வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு தீர்ப்பு புழங்குகிறது. பானட்டுக்கு அடியில் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்துவிட்டால் பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும். குட்டியானையோ பெரிய பிக்கப்போ, தவணை கட்டி ஓட்டுகிறவருக்கு இந்த ஒரு வாக்கியம் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். சொல்கிறவரோ பெரும்பாலும் வண்டியை ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுக் கேட்டிருப்பார், அவ்வளவுதான்.

முதலில், சத்தம் இன்ஜினுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று யார் சொன்னது? பாரம் ஏற்றும் வண்டியில் தட்டுவதற்கு எத்தனையோ இடம் இருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் தட்டினால் ஷேக்கிள் புஷ், ஷாக் அப்சார்பர் புஷ், தளர்ந்த யூ போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். கிளட்சை விட்டு வண்டி நகரும் கணத்தில் 'டங்' என்று ஒரே ஒரு அடி விழுந்தால் புரப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைக் கையால் திருகிப் பாருங்கள். ஓட்டத்தில் விடாமல் கேட்கிறதா? அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். இன்ஜின் சுழற்சியோடு சேர்ந்து தட்டும் வேகமும் கூடினால்தான் சந்தேகம் இன்ஜின் பக்கம் போகும். கூடாவிட்டால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது.

இன்ஜின் பக்கம்தான் என்றாலும் அவசரம் வேண்டாம். ஆல்டர்னேட்டரை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் ஸ்டார்ட் செய்து நிறுத்துங்கள். சத்தம் காணாமல் போனால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், டென்ஷனர் என அந்தப் பெல்ட்டோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம்.

"எல்லாம் பார்த்தாச்சு, உள்ளேதான் தட்டுது, அப்போ பேரிங்தானே?" என்பது அடுத்த வாதம். இதைத்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கேம் ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் ஒரு வால்வு 400 முறை திறக்கும். ஆகவே மேலே ஹெட் பக்கம் மெலிதாக, நிதானமாகத் தட்டினால் டேப்பட் இடைவெளியைச் சரிசெய்தாலே அடங்கக்கூடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் பலமாகத் தட்டி, சூடேறியதும் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுகிறதா, எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு கேஸ்கட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கனெக்டிங் ராடு பேரிங்கின் குணம் இதற்கு நேர்மாறு. ஆயில் சூடேறி இளகிய பிறகுதான் அதன் அடி கனமாகக் கேட்கும்.

டீசல் வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. அழுத்திச் சூடேறிய காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டதும் உடனே பற்றாது, நொடியின் மிகச் சிறு பங்கு தாமதமாகும். இன்ஜெக்டரின் நாஸில் ஒழுகினால் அந்த இடைவெளியில் அளவுக்கு மிஞ்சிய டீசல் சேர்ந்து, எல்லாம் ஒரே அடியாகப் பற்றிக்கொள்ளும். அந்தச் சத்தம் இரும்பில் சுத்தியல் போட்டதுபோலவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டரின் ஒயர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்ப்பது வழக்கம். ஒன்றைக் கழற்றியதும் தட்டல் அடங்கினால் "அந்த ராடு போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். பட்டறைக் கணக்கு பெரும்பாலும் தப்புவது இங்கேதான். எரிப்பு நின்றால் பிஸ்டனைத் தள்ளும் விசையும் நின்றுபோகிறது. அப்போது பேரிங் அடியும் அடங்கும், நாஸில் அடியும் அடங்கும். எந்தச் சிலிண்டர் என்று தெரிந்ததே தவிர, ஏன் என்று தெரியவில்லை. அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள் (பல வண்டிகளில் அதன் எண்ணைக் கணினியில் மறுபடி பதிய வேண்டியிருக்கும்). சத்தமும் கூடவே இடம் மாறினால் இன்ஜினைத் தொட வேண்டியதே இல்லை. பழைய பம்ப் வண்டியில் செய்ததுபோலக் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வேலை மட்டும் காமன் ரெயில் வண்டியில் கூடவே கூடாது. 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இறக்கச் செலவு அதிகம் என்கிறவர்களுக்கு ஒரு மலிவு வைத்தியமும் சொல்லப்படுகிறது: கெட்டியான ஆயிலை மாற்றிக்கொண்டு ஓட்டு. சத்தம் குறையும், உண்மைதான். தேய்மானம் குறையாது. கெட்டி ஆயில் குளிர்ந்த இன்ஜினில் மேலே ஏறத் தாமதமாகும் என்பதால், தேய்மானம் அதிகமாக நடக்கும் அந்தத் தொடக்க நொடிகள் இன்னும் நீளும். எதிரே வரும் லாரியின் ஹாரன் கேட்கக் கூடாது என்பதற்காகக் காதில் பஞ்சை வைத்துக்கொள்கிற கதை இது என்றால் மிகையில்லை.

உயர்ரக எரிபொருள் போட்டால் சரியாகிவிடும் என்பது பெட்ரோல் வண்டியிலிருந்து கடன் வாங்கிய நம்பிக்கை. ஆக்டேன் பெட்ரோலுக்கான கணக்கு. டீசலுக்கு சீட்டேன், அது சாதாரண பிஎஸ் 6 டீசலிலேயே குறைந்தது 51 இருக்க வேண்டும். ஒழுகும் நாஸிலை எந்த டீசலும் அடைக்காது.

"ஸ்கேனரில் ஒன்றும் காட்டவில்லை, ஆயில் லைட்டும் எரியவில்லை" என்று எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஷேக்கிள் புஷ் தேய்ந்ததும் ராடு பேரிங் தளர்ந்ததும் ஸ்கேனருக்குத் தெரிய வழியில்லை. ஆயில் லைட்டோ, அழுத்தம் ஏறக்குறைய அற்றுப்போன பிறகுதான் எரியும். அதை நம்புவதைவிட, ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடாக இருக்கும்போது அளந்து, தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுமினுக்கும் துகள் இருந்தால் பேரிங் கரைகிறது என்று பொருள்.

அப்படித் தெரிந்துவிட்டால் பட்டறை வரைக்கும்கூட ஓட்டிப் போகக் கூடாது, இழுத்துத்தான் போக வேண்டும். தளர்ந்த ராடு உடைந்தால் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆனால் அப்போதும் இன்ஜினை உடனே இறக்கச் சம்மதிக்காதீர்கள். பல பிக்கப்களில் அடியிலிருந்தே ஆயில் சம்பைக் கழற்றி, ராடு கேப்பைத் திறந்து பேரிங்கைப் பார்த்துவிட முடியும். கிராங்கில் கீறல் இல்லாமல், அளவும் சரியாக இருந்தால் புது பேரிங் போட்டு மூடிவிடலாம். கீறல் விழுந்திருந்தாலோ அளவு தப்பியிருந்தாலோ மட்டும் கிராங்கை வெளியே எடுத்துக் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு நிலையில் பட்டறைக்காரர் சொன்னது சரி.