வீட்டிலிருந்தே படிக்கலாமாம்

"வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்கிறது விளம்பரம். யாருடைய வீட்டில்?

வள்ளூரில் என் பக்கத்து வீட்டுச் செவிலியர் இரவுப் பணி முடிந்து காலை எட்டுக்கு வருகிறார். சன்னலில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் துடைத்து, உலை வைத்து, பத்து மணிக்குக் கைப்பேசியில் புள்ளியியல் வகுப்பில் உட்காருகிறார். அமெரிக்காவில் 'நர்ஸ் பிராக்டிஷனர்' படிப்பில் சேர அது முன்தகுதி. பாதி வகுப்பில் குக்கர் கூப்பிடுகிறது, அடுத்து மாமியார், அடுத்து கணவர்.

நோயாளியைச் சோதித்து, நோயறிந்து, மருந்தும் எழுதித்தரும் செவிலியர்களை இன்று உருவாக்கும் அந்தப் படிப்பு 1965இல் கொலராடோவில் தொடங்கியது. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கு இப்படியொரு இரண்டாண்டுப் படிப்பைக் கொண்டுவர அரை நூற்றாண்டு ஆனது. அதற்கும் பி.எஸ்சி.யும் ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும்.

முன்தகுதி கேட்பதில் எனக்குச் சண்டையில்லை. மருந்தின் அளவில் பிழை கூடாது, படித்துத்தான் ஆகவேண்டும். அதற்கான நேரத்தை அவர் தூக்கத்திலிருந்து பிடுங்குவதுதான் அநியாயம். இணையம் வகுப்பறையை அடுப்படிக்குக் கொண்டுவந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அவரை யார் வெளியே கொண்டுவருவது?

மருத்துவமனை முதலாளிகளே, சம்பளத்தோடு படிப்பு விடுப்புக் கொடுங்கள். வீட்டு ஆண்களே, பத்து மணிக்கு அடுப்பை நீங்கள் பாருங்கள்.