பழைய வாகனங்களும் இந்தியாவின் எதனோல் பெற்றோலும்

இந்தியாவின் பெற்றோல் நிரப்பு நிலையங்களில் இன்று பொதுவாக விற்கப்படுவது, நூற்றுக்கு இருபது பங்கு எதனோல் கலந்த பெற்றோலாகும். 2003 ஆம் ஆண்டில் ஐந்து வீதக் கலப்புடன் ஆரம்பிக்கப்பட்ட இத்திட்டம் பல ஆண்டுகள் ஆமை வேகத்திலேயே நகர்ந்தது. 2014 இல் கூட அது இரண்டு வீதத்தை எட்டியிருக்கவில்லை. 20 வீத இலக்கை 2030 இல் அடைவதென 2018 இல் தீர்மானித்த புதுடில்லி, பின்னர் அதனை ஐந்தாண்டுகள் முன்தள்ளி, 2025 இலேயே அடைந்தும் விட்டது. அரசாங்கமொன்று குறித்த காலத்துக்கு முன்னர் தனது இலக்கை எட்டுவது எமது பிராந்தியத்தில் அபூர்வமான காரியந்தான். ஆனால், அந்த வேகத்துக்கு வீதியிலுள்ள வாகனங்கள் ஈடுகொடுக்குமா என்ற கேள்வி 2025 ஓகஸ்ட் மாதத்தில் நாடெங்கும் எழுந்தது.

எதனோலின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு லீற்றர் எதனோலில் உள்ள சக்தி, ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. அதன் ஒக்டேன் அளவு உயர்வானது என்பதால், அதற்கெனவே வடிவமைக்கப்பட்ட இயந்திரம் இக்குறையில் ஒரு பகுதியை ஈடுசெய்துகொள்ளும். பழைய இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை. எதனோலில் ஒட்சிசன் அடங்கியிருப்பதால் எரிபொருளுக்கும் காற்றுக்கும் இடையில் இருக்கவேண்டிய விகிதமும் மாறுகின்றது. புதிய கார்களின் உணரிகள் அதனைக் கண்டறிந்து சரிசெய்யும். காபரேற்றர் பொருத்திய பழைய மோட்டார் சைக்கிளால் அது இயலாது. எதனோல் ஈரத்தை உறிஞ்சும் தன்மையும் உடையது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வாகனத்தின் தாங்கியில் நீர் சேர்ந்து அடியில் தங்கினால் துருப்பிடித்தல் தொடங்கும். எரிபொருள் குழாய்களில் உள்ள பழைய வகை இறப்பர் பருத்து வெடிப்புக் காணும். இவை ஒரே நாளில் நிகழ்வன அல்ல. ஒரு தடவை தாங்கியை நிரப்பியதும் கார் நின்றுவிடும் என்பன போன்ற கதைகள் மிகையானவை.

இவற்றை அரசாங்கம் அறியாதிருந்தது என்று கூறுவதற்கில்லை. அதன் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக், 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், எதனோல் கலவாத பெற்றோலுக்கென வடிவமைக்கப்பட்டு 10 வீதக் கலப்புக்கு இசைவாக்கப்பட்ட கார்களின் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 வீதம் வரை குறையுமெனவும், அவ்வாறான இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 வீதம் வரை குறையுமெனவும் மதிப்பிட்டிருந்தது. இந்த இழப்பை ஈடுசெய்யும் விதத்தில் எதனோல் கலந்த பெற்றோலைச் சாதாரண பெற்றோலைவிட மலிவாக விற்கலாம் என்ற யோசனையும் அதே அறிக்கையில் இருந்தது. கலப்பு நடைமுறைக்கு வந்தது; விலைக்குறைப்பு வரவில்லை. எதனோலின் கொள்வனவு விலை லீற்றருக்குச் சராசரியாக 71.32 ரூபாவாக உயர்ந்து, சுத்திகரிக்கப்பட்ட பெற்றோலின் அடக்கவிலையையும் விஞ்சிவிட்டது என்பதே 2025 இல் பெற்றோலிய அமைச்சு அளித்த விளக்கம். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் மாதம் 50 லீற்றர் நிரப்பும் பழைய கார்க்காரர், அதே தூரம் ஓடுவதற்கு மூன்று லீற்றருக்கு மேல் கூடுதலாக வாங்கவேண்டியுள்ளது என்பதும் கணக்குத்தான்.

20 வீதக் கலப்பைத் தாங்கும் பாகங்கள் புதிய வாகனங்களில் இடம்பெறத் தொடங்கியது 2023 ஏப்ரலில். அதற்கேற்ற இயந்திரங்கள் வந்தது 2025 ஏப்ரலில். அதற்கு முன்னர் விற்கப்பட்ட பல வாகனங்களின் கைநூல்கள் 10 வீதத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாமென்றே அறிவுறுத்துகின்றன. எதனோல் கலவாத பெற்றோலையும் விற்பனைக்கு வைக்குமாறு கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டெம்பர் முதலாம் திகதி தள்ளுபடி செய்தது. கரும்புச் செய்கையாளருக்குக் கிடைக்கும் நன்மையே அங்கு அரச தரப்பின் பிரதான வாதமாக அமைந்தது.

அந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. தேவையான மசகு எண்ணெயில் 85 வீதத்துக்கும் மேலானதை இறக்குமதி செய்யும் நாடு அது. கலப்புத் திட்டத்தினால் 2014 இலிருந்து 1.4 இலட்சம் கோடி ரூபாவுக்கு மேற்பட்ட அந்நியச் செலாவணி மிஞ்சியதாக அரசாங்கம் கூறுகின்றது. எனினும் கரும்பிலிருந்து ஒரு லீற்றர் எதனோல் பெற 2,860 லீற்றர் நீர் செலவாகின்றது என அதே நிதி ஆயோக் அறிக்கை கூறுவதையும், சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024 இல் அதனை இறக்குமதி செய்ய நேர்ந்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பிரேஸிலைப் பாருங்கள் என்கின்றனர். அங்கு கலப்பு 30 வீதமாக உயர்ந்தது 2025 ஓகஸ்டில்; ஆனால் திட்டம் தொடங்கியது 1975 இல். எந்தக் கலப்பிலும் ஓடும் கார்கள் 2003 முதல் அங்கு விற்பனையாகின்றன. பிரித்தானியா 2021 இல் கலப்பை 10 வீதமாக்கியபோது, பழைய கார்களுக்கென 5 வீதப் பெற்றோலையும் நிலையங்களில் வைத்திருந்தது. அமெரிக்காவில் 15 வீதக் கலப்பு 2001 ஆம் ஆண்டினதும் அதற்குப் பிந்தியதுமான கார்களுக்கே அனுமதிக்கப்பட்டு, விற்பனைக் குழாயில் அவ்வாறே எழுதி ஒட்டப்பட்டுள்ளது.

ஐந்தாண்டு வாகன இறக்குமதித் தடையைக் கண்ட எமது வாசகர்களுக்கு, பழைய வாகனமொன்றைப் பேணுவதன் பாடு புதிதல்ல. ஆசைக்காக அதனை வைத்திருப்போர் சிலரே. புதியதற்கு வழியில்லாதோரே பலர். 2026 ஒக்டோபர் 31 வரை 20 வீதமே என இந்திய அமைச்சு 2025 இல் அறிவித்திருந்தது. அதற்கு மேல் ஒரு வீதமேனும் கூட்டுவதாயின், பழைய வாகனங்களுக்கென ஒவ்வொரு நிலையத்திலும் 10 வீதக் கலப்புக் குழாயொன்றை முதலில் நிறுவட்டும். அது இயலாதெனில், நிதி ஆயோக் யோசனை கூறிய விலைக்குறைப்பையாவது வழங்கட்டும்.